ஓடுபாதையில் கல் பொறுக்கியவர்கள்

பொழுது புலர்ந்தும் புலராத அந்த நேரத்தில்கூடத் தார் சூடு ஆறாமல் இருக்கும். சுற்றிலும் மரமும் புல்லும் பனியில் ஊறிக் கிடந்தாலும் அந்தக் கறுப்புப் பாதை மட்டும் முந்தின நாள் வெயிலை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டிருக்கும். அந்தச் சூட்டுக்குப் பாம்புகள் வந்து படுக்கும். அதனால் கல் பொறுக்க வருகிறவர்கள் முதலில் கம்பால் தரையைத் தட்டுவார்கள். பிறகு பாதையின் அகலத்துக்கு ஒரே வரிசையாக, ஆளுக்கும் ஆளுக்கும் இரு கை விரித்த ஒரு பாக தூரம் விட்டு நின்று, இடுப்பை மடக்கிக் கண்ணைத் தரையில் பதித்து நடப்பார்கள். ஒரு மைல் நீளம். கல், ஆணி, செத்த குருவி, காற்றில் வந்து விழுந்த ரப்பர்ப் பால்மரக் கொட்டை, எதுவானாலும் பொறுக்கித் தகரத்தில் போட வேண்டும். ஒரு மைல் முடியும்போது முதுகு நிமிர மறுக்கும். கையால் முட்டியைப் பிடித்துத் தள்ளித்தான் நிமிர வேண்டும்.

சின்னத்தாய் வரிசையில் ஆறாவது ஆள். ஏழாவது இடம் காலியாக இருந்தது. அது அவள் புருஷன் செல்லனின் இடம். அவன் இதே பாதையில் அடிபட்டுச் செத்து இருபத்துமூன்று நாள் ஆகியிருந்தது. "எடத்த அடைச்சு நில்லுங்க" என்று வேலையை மேற்பார்க்கும் மண்டோர் சோமு இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். யாரும் நகரவில்லை. மூன்றாம் நாள் அவரும் விட்டுவிட்டார். அந்த இடத்துக் கல்லைச் சின்னத்தாயும் எட்டாவதாக நின்ற நல்லசாமியும் கையை எட்டி எடுத்துக்கொண்டார்கள்.

தலை குனிந்து நடக்கும்போது வலப்பக்கம் இரண்டு கால்கள் தன்னோடு நடப்பது அவளுக்குத் தெரியும். செல்லனின் இடது செருப்பு வார் அறுந்து, கம்பி வைத்துக் கட்டியது. அந்தக் கம்பி தாரில் உரசும் சத்தம் அவளுக்குத் தெளிவாகக் கேட்கும். அவள் திரும்ப மாட்டாள். திரும்பினால் அந்தச் சத்தமும் போய்விடும் என்று பயந்தாள்.

காகிதத்தில் அதற்கு ஹேவர்ஸ்டன் எஸ்டேட் என்று பேர். தோட்டத்து ஜனங்களின் வாயில் அவரைத்தோட்டம். கோலசிலாங்கூரிலிருந்து உள்ளே போகும் சடக்கில், ஆற்றைத் தாண்டி இருந்தது. வெள்ளைக்காரக் கம்பெனி விற்றுவிட்டுப் போன பிறகு கோலாலம்பூர்க் கம்பெனி ஒன்று அதை வாங்கியது. எண்பத்துநாலாம் வருஷம் ஒருநாள் அந்தக் கம்பெனியின் ஆட்கள் ஆறு பேர் பங்களாவுக்கு வந்தார்கள். சமையல்காரி பிரசவத்துக்குப் போயிருந்ததால் அன்றைக்கு அவர்களுக்குத் தேநீர் கொண்டுபோய்க் கொடுத்தது சின்னத்தாய்தான்.

மேசை முழுக்க ஒரு வரைபடத்தை விரித்து வைத்திருந்தார்கள். அதில் சிவப்புப் பென்சிலால் மூன்று வட்டம். கம்பெனித் தலைவர் டத்தோவும் அவருடைய கூட்டாளிகளும் சொந்த ஜெட்டில் வந்து இறங்க ஓர் இடம் தேடினார்கள். பேச்சு பாதி ஆங்கிலம், பாதி மலாய். மலாய் அவளுக்குப் புரியும். முதல் வட்டம் சுபாங் விமான நிலையம். அங்கே பெரிய விமானங்களுக்குப் பின்னால் வரிசையில் காத்திருக்க வேண்டும், யார் யாரோடு வந்து இறங்குகிறார் என்று நூறு கண் பார்க்கும். இரண்டாவது பட்டணத்துக்குள்ளேயே இருந்த ஒரு பழைய விமான மைதானம். பாதை நீளம் போதாது, சுற்றிலும் கட்டடம். மூன்றாவது வட்டம் அவரைத்தோட்டம். மேடு இல்லை, மலை இல்லை. பயிருக்கு மருந்தடிக்கும் சின்னப் பிளேனுக்காக வெள்ளைக்காரன் காலத்தில் போட்ட புல் பாதை ஏற்கனவே கிடக்கிறது. காரில் ஏறினால் ஒரு மணி நேரத்தில் பட்டணம். கேட்க ஆளில்லை, பார்க்க ஆளில்லை. நில அளவைக்காரர் விரலால் அந்த வட்டத்தைத் தட்டினார்.

"சினி கோசோங்" என்றார். இங்கே காலி.

அவள் தட்டை வைத்துவிட்டு நின்றாள். "துவான், எங்க லயத்து வீடுங்க இதுல எங்க இருக்கு?" என்று மலாயில் கேட்டாள். அவர் குனிந்து தேடினார். பிறகு வெள்ளையாகக் கிடந்த ஓர் ஓரத்தில் நகத்தை வைத்தார். "இங்கதான் எங்கேயாவது இருக்கும். படத்தில் வரவில்லை." யாரோ சிரித்தார்கள். அன்று மாலைக்குள் மூன்றாவது வட்டம் முடிவாகிவிட்டது.

பால்மரங்கள் சாய்ந்தன. நூற்றைம்பது ஏக்கர். இருபது வருஷம் தான் பால் வெட்டிய மரங்கள் சங்கிலி வாள் முன்னால் ஒன்றன்மேல் ஒன்றாக விழுவதைச் சின்னத்தாய் பார்த்தாள். வெட்டுப்பட்ட அடிமரங்களிலிருந்து இரண்டு நாள் பால் வடிந்துகொண்டே இருந்தது, பிடிக்க மங்கு இல்லாமல். பால்வெட்டுக்காரர்களில் பதினான்கு பேரை ஓடுபாதைக்கு மாற்றினார்கள். வெட்டுக்குக் கிடைத்ததில் முக்கால் சம்பளம்கூட இதில் இல்லை. மற்றவர்கள் எண்ணெய்ச் செம்பனைக் காட்டுக்குப் போனார்கள்.

வாரத்தில் இரண்டு தடவை ஜெட் வரும். வெள்ளை உடம்பு, வாலில் பச்சைக் கோடு. அது வருவதற்கு அரை மணிக்கு முன்பே ஒரு கறுப்புக் கார் வந்து எஞ்சினை ஓடவிட்டபடி நிற்கும். உட்காரும் இடம் குளுகுளுவென்று இருக்க வேண்டுமாம். கதவு திறந்து படி இறங்கும். கறுப்புக் கண்ணாடி போட்டவர்கள் இறங்குவார்கள். பின்னால் கோல்ஃப் பைகள் இறங்கும். படியிலிருந்து கார் கதவுக்கு ஒன்பது அடி நடை. புல்லில் ஒதுங்கி நிற்கும்போது சின்னத்தாய் அதை எண்ணியிருக்கிறாள். யாரும் இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்ததில்லை.

முதல் நாள் வேலைக்கு நிறுத்தியபோது மேனேஜர் சிவானந்தம் ஒரு புளியங்கொட்டையைக் கையில் வைத்துக் காட்டினார். "இத்தனாம் பெரிய கல்லு போதும். எஞ்சின் உறிஞ்சிக்கும். அவ்வளவுதான், மொத்த பிளேனும் போச்சு. டத்தோ உயிரு உங்க கண்ணுல இருக்கு." அதைச் சொல்லும்போது அவர் குரலில் உண்மையான பயம் இருந்தது.

கல் பொறுக்குகிறவர்களின் உயிர் யார் கண்ணில் இருந்தது என்று அப்போது யாரும் கேட்கவில்லை. பிளேன் வருவதை முன்கூட்டிச் சொல்ல ஒரு சங்கு வேண்டும் என்று மட்டும் நல்லசாமி கேட்டார். சொல்லி வாங்குகிறேன் என்றார் மேனேஜர்.

செல்லன் செத்த அந்தச் சனிக்கிழமை தூறிக்கொண்டிருந்தது. ஒன்பது மணிக்கு வர வேண்டிய ஜெட் எட்டேகாலுக்கே வந்துவிட்டது. இவர்கள் கடல் பக்க முனையில் இருந்தார்கள். தோட்டத்துப் பக்கமிருந்து கடலை நோக்கி அடித்த காற்று, இறங்கி வரும் ஜெட்டின் சத்தத்தைப் பின்னுக்குத் தள்ளிவிட்டது. வரிசையில் நின்ற கங்கா தற்செயலாக நிமிர்ந்து பார்த்ததால்தான் அது வருவதே தெரிந்தது. எல்லோரும் புல்லுக்கு ஓடினார்கள். செல்லனும் ஓடினான். புல்லில் கால் வைத்து நின்று மூச்சு வாங்கினான். கல்லும் மண்ணும் நிறைந்த தள்ளுவண்டி பாதையின் நடுவில் நின்றது.

"வண்டி!" என்று கத்தினாள் சின்னத்தாய். "வண்டி, வண்டி!"

செல்லன் அவளை ஒரு தடவை பார்த்தான். பிறகு திரும்பி ஓடினான். வண்டியின் கைப்பிடியைப் பிடித்து, உடம்பை முன்னால் சாய்த்துத் தள்ளினான். ஈரத்தில் சக்கரம் வழுக்கியது. வண்டி புல்லில் வந்து கவிழ்ந்துவிட்டது. அவன் வந்து சேரவில்லை. இறக்கை அவனைத் தொட்டதை அவள் பார்க்கவில்லை. கண்ணைத் திறந்தபோது தாரின் நடுவில் கம்பி கட்டிய ஒரு செருப்புதான் தெரிந்தது.

ஜெட் தூரத்து முனையில் போய் நின்றது. கதவு திறந்தது. ஐந்து பேர் இறங்கி ஒன்பது அடி நடந்து காரில் ஏறினார்கள். கார் ஆற்றோரச் சடக்கில் போய்விட்டது. விமானி ஒருவன் மட்டும் மழையில் இவ்வளவு தூரம் ஓடி வந்தான். செல்லனைப் பார்த்தான். தொப்பியைக் கழற்றினான். பிறகு புல்லில் மண்டியிட்டு வாந்தி எடுத்தான்.

தடை செய்யப்பட்ட இடத்தில் செல்லன் குடிபோதையில் நுழைந்தார் என்று கம்பெனி அறிக்கை எழுதியது. அதை ஆபீஸ் பலகையில் ஒட்டினார்கள். கங்கா மூன்றாம் படிவம்வரை படித்த பெண். அவள்தான் அதைச் சின்னத்தாய்க்கு வாசித்துச் சொன்னாள். சின்னத்தாய் தலை குனிந்து வீட்டுக்கு நடந்தாள். எல்லோரும் அதைத் துக்கம் என்று நினைத்தார்கள்.

அவள் காதில் அந்த ஒரு சொல் ஓயவே இல்லை. தகரக்கூரை வெயிலில் நெளியும்போது "வண்டி" என்றது. குழாயில் காற்று வாங்கித் தண்ணீர் விக்கி வரும்போது "வண்டி, வண்டி" என்றது. புல்லில் பத்திரமாக நின்றவன் தன்னைப் பார்த்த அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று யோசித்து யோசித்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. போகட்டுமா என்று கேட்டானா? நீயா சொல்கிறாய் என்று கேட்டானா? அன்றிலிருந்து அவள் யாரையும் சத்தமாகக் கூப்பிடுவதில்லை. பக்கத்து வீட்டுக் கங்கா வேண்டுமானால்கூட நடந்துபோய்த் தோளைத் தொடுவாள்.

ரவாங்கில் தொழிற்சாலையில் வேலை செய்த மகள் ரமணி ஞாயிற்றுக்கிழமை வந்து அழுதாள். "வந்துடும்மா என்கூட. அந்த ரன்வேல நீ இன்னும் எப்படிம்மா நடக்கிற?"

"நடக்கலன்னா அவரு தனியா நடப்பாரு" என்றாள் சின்னத்தாய். மகள் பயந்துபோய் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

அந்த வாரத்திலேயே நோட்டீஸ் வந்தது. இதைவிடப் பெரிய ஜெட் வாங்கப் போகிறார்களாம். அதற்குப் பாதை போதாது. கிழக்குப் பக்கம் இரண்டாயிரம் அடி நீட்ட வேண்டும். கிழக்கில் இருபத்தெட்டு வீட்டு லயம் இருந்தது. லயத்துக்குப் பின்னால் சுடுகாடு. செல்லனின் மண்மேடு இன்னும் அமுங்கக்கூட இல்லை. மூன்று மாதத்துக்குள் எல்லோரும் பத்தாங் காலிப் பக்கம் கம்பெனியின் இன்னொரு தோட்டத்துக்குப் போய்விட வேண்டும் என்று எழுதியிருந்தது.

சாயங்காலம் நாலு மணிக்கு ஆபீஸ் முன்னால் கூடினார்கள். ஓடுபாதை ஆட்கள் பதின்மூன்று பேரோடு செம்பனை வெட்டுகிறவர்களும் லயத்துப் பெண்களும் வந்திருந்தார்கள். சிவானந்தம் படிக்கட்டின் மேல் நின்றார். பக்கத்தில் சோமு.

"சங்கு கேட்டு எட்டு மாசமாச்சு தொரை" என்று ஆரம்பித்தார் நல்லசாமி.

"சங்கு வரும். இப்ப விஷயம் அது இல்ல. நோட்டீஸ் படிச்சீங்களா?"

"படிச்சோம்" என்றாள் கங்கா. "சுடுகாட்டப் பத்தி ஒரு வரிகூட இல்லையே சார்."

"பிளான்ல சுடுகாடுன்னு ஒன்னு இல்லம்மா."

"பிளான்ல இல்லன்னா, அங்க படுத்திருக்கிறவங்க எங்க இருக்காங்க?"

சிவானந்தம் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். "நீ படிச்ச பொண்ணு கங்கா, உனக்கே புரியணும். பட்டணம் பெருசாயிடுச்சு. சிங்கப்பூர்லேருந்து, ஹாங்காங்லேருந்து பெரிய ஆளுங்க வர்றாங்க. அவங்களுக்கு நேரம் ரொம்ப முக்கியம். அவங்க வந்து இறங்க ஒரு நல்ல எடம் இருந்தாத்தான் உங்க பிள்ளைங்களுக்கு ரவாங்குல பேக்டரி வரும்."

"வரட்டும் தொரை" என்றார் நல்லசாமி. "அவங்க எறங்குற எடத்துல நாங்களும் உசுரோட நிக்கணுமில்ல. செல்லன் நிக்கலியே."

"செல்லன் கேஸ் வேற. ரிப்போர்ட் தெளிவா இருக்கு. குடிச்சிட்டு ரன்வேல ஏறுன ஆளுக்கெல்லாம் கம்பெனி பொறுப்பாக முடியாது லா."

கூட்டத்தில் ஒரு சலசலப்பு எழுந்து அடங்கியது. சின்னத்தாய் முன்னால் வந்தாள்.

"அவரு குடிக்கல. வெறும் கோப்பி. நாந்தான் ஊத்திக் குடுத்தேன். அவரு புல்லுக்கு வந்துட்டாரு தொரை. நல்லா நின்னாரு. நாந்தான் கத்துனேன், வண்டி வண்டின்னு. என் சத்தத்தக் கேட்டுத்தான் திரும்பிப் போனாரு. ரிப்போர்ட்டுல யாரையாவது எழுதணும்னா என்னைய எழுதுங்க. அவர எழுதாதீங்க."

பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகையில் ஒரு குழந்தை அழுதது கேட்டது. சின்னத்தாய் தலை குனிந்து நின்றாள். இனி இந்த ஜனங்கள் தன் முகத்தில் விழிக்க மாட்டார்கள் என்று நினைத்தாள்.

"நானும்தான் கத்துனேன்" என்றார் நல்லசாமி.

அவள் நிமிர்ந்தாள். அவர் அவளைப் பார்க்காமல் மேனேஜரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நானும் கத்துனேன்" என்றாள் கங்கா. "வண்டி, பிளேன் முட்டிடும்னு கத்துனேன்."

பின்னாலிருந்து இன்னொரு குரல். அப்புறம் இன்னொன்று. வரிசையில் நின்ற பன்னிரண்டு பேரும் ஒருவர் விடாமல் சொன்னார்கள். அன்றைக்குத் தூறலிலும் காற்றிலும் சின்னத்தாய்க்குத் தன் குரல் ஒன்றுதான் கேட்டது. இவர்கள் நிஜமாகவே கத்தினார்களா, இப்போது தனக்காகச் சொல்கிறார்களா என்று அவளுக்குத் தெரியவில்லை. பிற்பாடும் அவள் கேட்கவில்லை.

கடைசியில் சோமு படியை விட்டுக் கீழே இறங்கினார். பதினெட்டு வருஷம் மண்டோராக இருந்த மனிதர். தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். "தொரை, வண்டி ஒடஞ்சா சம்பளத்துல புடிப்பாங்கன்னு செல்லன் சாவுறதுக்கு முந்துன நாள் காலைல ஆள் கூப்பிடுற பெரட்டுல சொன்னவன் நான். சொல்லச் சொன்னவரு நீங்க. அதையும் எழுதிக்குங்க."

சிவானந்தத்தின் முகம் வெளுத்தது. "நாளைக்கு எட்டரைக்குப் பிளேன். பாதை சுத்தமா இருக்கணும்."

"புளியங்கொட்டை அளவு கல்லு போதும்னு சொன்னீங்க" என்றாள் கங்கா.

"மிரட்டுறியா?"

"இல்ல சார். நாங்க ஒரு கல்லும் போட மாட்டோம். கெடக்கிற கல்லப் பொறுக்கவும் மாட்டோம். மொதல்ல அந்த ரிப்போர்ட்டக் கிழிங்க. சங்கு வைங்க. இந்த மண்ணுலயே வீட்டுக்கு வீடு குடுங்க. சுடுகாட்டுல மண்வெட்டி படக்கூடாது."

"மேல உள்ளவங்ககிட்ட நான் என்னன்னு சொல்றது?"

"இங்க காலி இல்லன்னு சொல்லுங்க" என்றாள் சின்னத்தாய்.

மறுநாள் விடியலில் பதினான்கு பேர் வந்தார்கள். பதினான்காவது ஆள் சோமு. தகரங்களைப் புல்லில் கவிழ்த்துப் போட்டு அவற்றின்மேல் உட்கார்ந்தார்கள். ராத்திரி மழை ஓரத்து மண்ணை அரித்து, பாதையின் குறுக்கே சரளைக்கல்லை வரிவரியாக இழுத்துவிட்டிருந்தது. எட்டரைக்கு ஜெட் வந்தது. சக்கரங்களைத் தொங்கவிட்டு, வயிறு தெரிய, செம்பனை உச்சிகளை உரசுவது போல் இறங்கியது. கம்பிவேலிக்குப் பக்கத்துக் கொட்டகையில் சிவானந்தம் வாக்கி-டாக்கியில் கத்திக்கொண்டிருந்தார். தாரைத் தொடுவதற்கு முன்னால் ஜெட் மூக்கைத் தூக்கியது. காது அடைத்தது. இரண்டு தடவை வட்டமிட்டுவிட்டுத் தெற்கே, சுபாங் பக்கம் போய்விட்டது.

"டத்தோ இன்னைக்கு வரிசையில நிக்கட்டும்" என்றார் நல்லசாமி. யாரும் சிரிக்கவில்லை. கறுப்புக் கார் மட்டும் எஞ்சின் ஓட நின்றுகொண்டிருந்தது.

மத்தியானத்துக்குள் லயத்துக் குழாயில் தண்ணீர் நின்றுவிட்டது. சாயங்காலம் ஆயாக்கொட்டகையைப் பூட்டினார்கள். யூனியன் ஆபீசிலிருந்து வந்தவர் கடிதம் எழுதியிருக்கிறோம், பதில் வரும்வரை அவசரப்படாதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். பெண்கள் ஆற்றிலிருந்து தண்ணீர் சுமந்தார்கள். செம்பனை வெட்டுகிறவர்கள் மறுநாள் குலை வெட்டப் போகவில்லை. துறட்டியை வாசலில் சாய்த்துவிட்டு அவர்களும் புல்லில் வந்து உட்கார்ந்தார்கள்.

மூன்றாம் நாள் காலையில் ரவாங்கிலிருந்து ஒரு லோரி வந்தது. கான்ட்ராக்ட் ஆட்கள் இருபது பேர். கையில் புதுத் துடைப்பம், புதுத் தகரம். அவர்களை அழைத்து வந்தவர் பேர் தேவதாஸ். எல்லோருமே தோட்டத்தில் பிறந்து பட்டணத்துக்குப் பிழைக்கப் போனவர்கள். அது அவர்கள் இறங்கும் விதத்திலேயே தெரிந்தது. புல்லில் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்ததும் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்கள்.

"நேரமாகுது, ஆளுங்கள நிறுத்து" என்றார் சிவானந்தம்.

முதலில் இறங்கிய பெண்ணுக்கு ஐம்பது வயது இருக்கும். பெரிய உடம்பு. தேவதாஸ் அவளை இராஜம்மா என்று கூப்பிட்டு, பாதையின் முனையைக் காட்டினார். அவள் அங்கே போகாமல் நேராகப் புல் பக்கம் வந்தாள். எதற்காக உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று கேட்டாள். கங்கா சின்னத்தாயைக் காட்டிச் செல்லன் செத்ததைச் சொன்னாள். குடித்திருந்தார் என்று எழுதியதையும் சொன்னாள்.

"எங்கப்பா ரப்பர் உருட்டுற மெஷின்ல மாட்டிப் போனாரு" என்றாள் இராஜம்மா. "அவரையும் குடிச்சிருந்தாருன்னுதான் எழுதுனாங்க. எங்கப்பாவுக்குத் தண்ணி வாசமே ஆகாது." பிறகு கேட்டாள். "இவங்க வீட்டுக்காரரு எந்த எடத்துலம்மா?"

சின்னத்தாய் எழுந்தாள். அவளைக் கூட்டிக்கொண்டு தாரில் நடந்தாள். சரளைக்கல் காலில் குத்தியது. அந்த இடத்தில் எந்த அடையாளமும் இல்லை. மற்ற இடம் போலவே கறுப்பாக இருந்தது. "இங்கதான்" என்றாள். இராஜம்மா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். சிவானந்தம் தன் காரின் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தார். அவள் அவசரப்படவில்லை.

பிறகு திரும்பி வந்து, துடைப்பத்தையும் தகரத்தையும் லோரிக்குள் வைத்தாள். "நான் இத செய்ய மாட்டேன் தம்பி" என்று தேவதாஸிடம் சொன்னாள். "நாளைக்கு என்னையக் கூப்பிடலன்னாலும் பரவால்ல."

இரண்டு பேர் துடைப்பத்தைக் கொண்டுபோய் வைத்தார்கள். அப்புறம் ஐந்து பேர். மற்றவர்கள் கையில் பிடித்தபடி, இந்தப் பக்கமும் வராமல் அந்தப் பக்கமும் போகாமல் நின்றார்கள். தேவதாஸ் மேனேஜரையும் பார்க்கவில்லை, ஆட்களையும் பார்க்கவில்லை. தன் சப்பாத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வேலிக்கு வெளியே போலீஸ் வண்டி ஒன்று வந்து நின்றது.

லோரி டிரைவர் எட்டிப் பார்த்தான். யாரும் ஏறுவதாகவும் இல்லை, வேலை தொடங்குவதாகவும் இல்லை. அவன் எஞ்சினை அணைத்துவிட்டு, கதவைத் திறந்து இறங்கி, புல் பக்கம் நடந்து வந்தான்.

"குடிக்கத் தண்ணி இருக்கா உங்ககிட்ட?" என்று கேட்டான். "லோரில ஒரு தோம்பு தண்ணி இருக்கு. எறக்கட்டுமா?"